சின்னத் தோட்டத்தில் சிவப்பு ஃப்ளோரிபண்டா ரோஜா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டையான சிவப்பு ஃப்ளோரிபண்டா ரோஜாவைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட வாக்கிலேயே எல்லாவற்றையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். பல வகைச் செடிகள் கலந்து நெருக்கமாக வளரும் சிறிய காட்டேஜ் பாணித் தோட்டத்தை மனதில் வைத்துத்தான் பதில்கள். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

ஃப்ளோரிபண்டா என்றால் என்ன? பார்க்க எல்லாமே ரோஜாவாகத்தானே இருக்கிறது?

ஒரு தண்டின் நுனியில் பெரிதாக ஒரே பூ நின்றால் அது பெரும்பாலும் ஹைப்ரிட் டீ வகை. அதே நுனி கிளைத்து, ஐந்தாறு முதல் பதினைந்துக்கு மேல்கூடப் பூக்கள் கொத்தாக வந்தால் ஃப்ளோரிபண்டா. தனிப்பூ சற்றுச் சிறியது, ஆனால் செடி முழுக்க நிறம் இருக்கும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் அடுத்த சுற்றுக்குத் துளிர்க்கும்.

இந்த வகை டென்மார்க்கின் பூல்சன் குடும்பத்தாரிடமிருந்து தொடங்கியது. குளிர் தாங்கி, கொத்துக்கொத்தாகப் பூக்கும் பாலியாந்தா ரோஜாவை ஹைப்ரிட் டீயோடு கலந்தார்கள். 1924இல் வந்த எல்சே பூல்சன், கிர்ஸ்டன் பூல்சன் ஆகிய இரண்டும் பெயர் வாங்கிய பிறகு மற்றவர்களும் அந்த வழியில் போனார்கள். இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. கைக்கெட்டும் ஒற்றைப் பூவின் அழகுக்காக அவர்கள் இதை உருவாக்கவில்லை. பாத்தியைத் தூரத்திலிருந்து பார்த்தாலும் நிறமாகத் தெரியவேண்டும் என்பதுதான் நோக்கம். ஃப்ளோரிபண்டாவை வளர்ப்பவர் பூவைப் பார்ப்பதைவிடக் கொத்தைப் பார்க்கப் பழகவேண்டும். கீழே பல பதில்கள் அதிலிருந்துதான் வருகின்றன.

பட்டன் ரோஜாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பட்டன் ரோஜா என்று விற்பவை பெரும்பாலும் மினியேச்சர் அல்லது பாலியாந்தா வகைகள். பூ ஒரு பெரிய நாணய அளவுதான் இருக்கும். ஃப்ளோரிபண்டாவின் பூ ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் வரை விரியும். இரண்டுக்கும் நடுவில் பாட்டியோ ரோஜா என்று ஒரு பிரிவும் உண்டு. குட்டை ஃப்ளோரிபண்டா என்று நான் சொல்வது, வளர்ந்து முடிந்த பிறகும் 45 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்துக்குள் நிற்பதை.

நல்ல சிவப்பு ரகம் ஒன்று சொல்லுங்களேன்.

ஒன்றே ஒன்று என்றால் டிரம்பெட்டர். சாம் மெக்ரெடி உருவாக்கி 1977இல் வந்தது. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டை நினைவூட்டும் பெயர். ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரம், கொஞ்சம் ஆரஞ்சு கலந்த பளீர் சிவப்பு, பூ நீண்ட நாள் நிற்கும். அடர்ந்த, வெல்வெட் போன்ற கருஞ்சிவப்பு வேண்டுமென்றால் கோர்டெஸ் நிறுவனத்தின் லாவாக்ளூட் (1978). அதே நிறுவனத்தின் லில்லி மார்லீன் 1959இலிருந்து இருக்கிறது, இன்றும் கிடைக்கிறது. டான்டாவின் ஷோபிஸ் ரகமும் அடக்கமாகப் புதராக நிற்கும்.

பெயர் பெற்றவை எல்லாம் சின்னத் தோட்டத்துக்கு ஏற்றவை என்று நினைக்கவேண்டாம். யூரோப்பியானா (1963) அவ்வளவு அழகு, ஆனால் கொத்தின் கனம் தாங்காமல் தண்டு சாய்ந்து பக்கத்துச் செடிமேல் படுத்துவிடும். 1946இல் வந்த ஃப்ரென்ஷாம் ஒரு மீட்டருக்கு மேல் போகும், முள்ளும் அதிகம். வேலி ஓரத்துக்குச் சரி, நடைபாதை ஓரத்துக்கு ஆகாது.

ஜெர்மனியில் 1950இலிருந்து ஏடிஆர் என்றொரு ரோஜாச் சோதனை நடக்கிறது. 1997க்குப் பிறகு அங்கே பூஞ்சை மருந்து எதுவும் தெளிக்காமலேயே செடிகளை மதிப்பிடுகிறார்கள். அந்த முத்திரை உள்ள புதிய ரகங்களின் இலை பொதுவாக உறுதியானது. ஆனாலும் உங்கள் பகுதியில் யாராவது வளர்க்கும் அதே ரகத்தின் கீழ் இலைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குவதுதான் எந்த முத்திரையையும்விடப் பெரிய உத்தரவாதம்.

சிவப்பு என்றால் சிவப்புதானே, அதில் என்ன தேர்ந்தெடுக்க இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ரோஜாச் சிவப்பில் இரண்டு நிறமிகள் முக்கியம். சயனிடின் அதிகமுள்ள பூ கருஞ்சிவப்பாகத் தொடங்கி, வயதாக ஆக ஊதா பக்கம் நகரும். பெலார்கோனிடின் சேர்ந்தால் ஆரஞ்சுச் சாயலுள்ள நெருப்புச் சிவப்பு கிடைக்கும். முதல் வகையைச் சுற்றி வெளிர் இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை எல்லாம் இணக்கமாக நிற்கும். இரண்டாவது வகையோடு இளஞ்சிவப்பை வைத்தால் இரண்டுமே கெட்டுவிடும். அதற்குப் பக்கத்தில் நீலம், வெளிர் மஞ்சள், வெள்ளிச் சாம்பல் இலைகள் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, கருஞ்சிவப்பு இதழ் உச்சிவெயிலில் ஓரம் கருகும். மதிய வெயில் நேராக விழும் இடமென்றால் பளீர் சிவப்பு ரகமே நல்லது.

எவ்வளவு வெயில் வேண்டும்? எங்கள் தோட்டத்தில் பாதி நிழல்.

குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில். அதில் காலை வெயில் அவசியம் இருக்கவேண்டும். இரவில் இலைமேல் படியும் பனி சீக்கிரம் காய்ந்துவிடுவதால் நோய் குறையும். நான்கு மணி நேரம் கிடைத்தாலும் செடி சாகாது. ஆனால் தண்டு நீண்டு மெலிந்து, கொத்தில் பூ எண்ணிக்கை குறைந்து, குட்டை ரகம் என்று வாங்கியது எட்டிப் பார்க்கும் ரகமாகிவிடும்.

இடம் ரொம்பச் சின்னது. ஒரு செடி போதுமா, இல்லை ஐந்தாறு வைக்கலாமா?

மூன்று. அதுவும் ஒரே ரகத்தில் மூன்று. ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தில், 50 சென்டிமீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டால், இரண்டாம் வருடம் ஒரே புதர்போலத் தெரியும். ஒன்று பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கத் தொடங்குவதால் இடைவெளியும் தெரியாது. மூன்று வெவ்வேறு சிவப்பை ஒன்றாக வைத்தால், மேலே சொன்ன சாயல் வேறுபாட்டால் ஒன்றையொன்று அடித்துவிடும்.

அந்த மூன்றுக்கு மேல் சிவப்பு வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. சிவப்பு கண்ணை இழுக்கும் நிறம். சின்ன இடத்தில் நான்கு மூலையிலும் சிவப்பு இருந்தால் கண் எங்கேயும் நிற்காது.

பக்கத்தில் என்னென்ன செடி வைக்கலாம்? காட்டேஜ் தோட்டம் என்றால் நெருக்கமாகத்தானே இருக்கவேண்டும்?

நெருக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், செடிக்குத் தெரியக்கூடாது. ரோஜாவின் அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை காலியாக, மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை) மட்டும் போட்டு விடுங்கள். அதற்கு வெளியே உயரம் குறைந்த, மெல்லிய இலைச் செடிகளைச் சேருங்கள். அவை வளர்ந்து சாய்ந்து அந்தக் காலியிடத்தைப் பார்வையிலிருந்து மறைத்துவிடும். காற்று மட்டும் உள்ளே போய்வரும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தவர்களுக்கு நோய் பற்றிய கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன.

லாவெண்டர், கேட்மின்ட், சால்வியா மூன்றும் நீல ஊதாவில் சிவப்பை நன்றாக எடுத்துக்காட்டும். மிதமான தட்பவெப்பமாக இருந்தால் தரையோடு படரும் பல்லாண்டு ஜெரேனியம், ஆல்கெமில்லா ஆகியவையும் பொருந்தும். வெப்பமான இடத்தில் நீல சால்வியா, அலிஸம், டயந்தஸ், ஏஞ்சலோனியா போன்றவற்றை நம்பலாம். லாவெண்டருக்குத் தண்ணீர் குறைவாக வேண்டும், ரோஜாவுக்கு அதிகம். அதனால் லாவெண்டரைப் பாத்தியின் மேட்டு விளிம்பில் வையுங்கள். புதினா மட்டும் வேண்டாம். வேர் ஓடி ஓடி ரோஜாவின் காலடி வரை வந்துவிடும்.

சிறிய வெள்ளைப் பூ ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மாலை மங்கும்போது நம் கண் சிவப்பை முதலில் இழக்கிறது, நீலமும் வெள்ளையும் அப்புறமும் தெரியும். செக் நாட்டு அறிஞர் பர்கின்யே 19ஆம் நூற்றாண்டில் விவரித்ததால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பகலில் எரியும் கருஞ்சிவப்புக் கொத்து அந்தி நேரத்தில் இலையோடு இலையாகக் கறுத்துப்போகும். வேலை முடிந்து மாலையில்தான் தோட்டத்தில் உட்காருவீர்கள் என்றால், வெள்ளை அலிஸம் இல்லாமல் அந்தப் பக்கம் வெறும் இருட்டுதான்.

மண் எப்படி இருக்கவேண்டும்?

தண்ணீர் வடியவேண்டும், ஆனால் உடனே வறண்டும் போகக்கூடாது. களிமண்ணோ மணலோ, இரண்டுக்கும் மருந்து மக்கிய உரம்தான். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 6.0 முதல் 6.5 வரை இருந்தால் ரோஜாவுக்கு நிறைவு, 7 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை மஞ்சள் இலை பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கவேண்டுமா, உள்ளே போகவேண்டுமா?

வேர் தரும் அடிச்செடியோடு நாம் வாங்கும் ரகத்தை ஒட்டவைத்த இடம்தான் ஒட்டுப்பகுதி. இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வதற்குக் காரணம் தட்பவெப்பம். தரை உறையும் அளவுக்குக் குளிரும் இடங்களில் ஒட்டுப்பகுதி மண்ணுக்குள் நான்கைந்து சென்டிமீட்டர் போகட்டும், உறைபனி அதைக் கொல்லாமல் இருக்கும். உறைபனியே இல்லாத இடங்களில் மண்மட்டத்துக்கு விரற்கடை அளவு மேலே இருக்கட்டும். ஈரமும் சூடும் சேர்ந்த மண்ணில் புதைந்தால் அழுகல் வரலாம்.

குழி 45 சென்டிமீட்டர் அகல ஆழத்தில் இருந்தால் போதும். தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கலந்து நிரப்புங்கள். புது ரசாயன உரத்தைக் குழிக்குள் போடவேண்டாம், இளவேர் கருகும். தொட்டியிலிருந்து எடுத்து நடும்போது வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் பக்கவாட்டில் விரலால் நெகிழ்த்துவிட்டு நடுங்கள்.

தினமும் தண்ணீர் ஊற்றவேண்டுமா?

நட்ட முதல் சில வாரங்கள் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் பிடித்த பிறகு தினமும் கொஞ்சம் ஊற்றுவதைவிட, வாரத்துக்கு இரண்டு முறை செடிக்கு எட்டுப் பத்து லிட்டர் மெதுவாக இறங்கும்படி ஊற்றுவது நல்லது. வேர் ஆழமாகப் போகும். கடும் வெயிலிலும் மணல் மண்ணிலும் இடைவெளியைக் குறையுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

காலையில், அடியில் ஊற்றுங்கள். மாலையில் இலை நனைய ஊற்றினால் அது இரவு முழுக்க ஈரமாக இருக்கும்.

என்ன உரம், எப்போது?

ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்து வாடியதை வெட்டும்போதும் ஒரு கை தொழு உரமோ, பொட்டி மேல் எழுதியுள்ள அளவில் ரோஜா உரமோ கொடுங்கள். கொடுக்கும் முன்பும் பின்பும் தண்ணீர். உறைபனிக் குளிர்காலம் வரும் இடங்களில் முதல் உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே உரத்தை நிறுத்திவிடவேண்டும், இல்லையென்றால் இளந்துளிர் பனியில் கருகும்.

தழைச்சத்தை மிகையாகக் கொடுப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. இலை பெரிதாகப் பளபளக்கும், தண்டு தண்ணீர் கட்டியதுபோல் மென்மையாக வரும், அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி தேடிவந்து உட்காரும். குட்டை ரகம் குட்டையாகவும் இருக்காது.

முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், காபித் தூள், எலும்புத் தூள் இதெல்லாம் போட்டால் நிறையப் பூக்குமாமே?

மக்கவைத்துப் போட்டால் எல்லாமே மண்ணுக்கு நல்லது. நேராகக் காலடியில் போட்டால் பூ கூடும் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டை ஓடு கரைய வருடக்கணக்காகும். தோலை அப்படியே போட்டால் ஈயும் எறும்பும் வரும். எலும்புத் தூளில் மணிச்சத்து உண்டு, ஆனால் அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் அது செடிக்குக் கிடைக்கும் நிலைக்கு மாறும். உங்கள் மண்ணின் பிஹெச் 7ஐத் தாண்டியிருந்தால் போட்டது போட்டபடியே கிடக்கும்.

கொத்தில் நடுப்பூ மட்டும் முந்திக்கொண்டு பூத்து வாடிவிடுகிறது. மற்றதெல்லாம் அப்போதுதான் மொட்டாக நிற்கிறது. ஏதாவது நோயா?

நோய் இல்லை, ஃப்ளோரிபண்டாவின் சுபாவமே அதுதான். புதிதாக வரும் கொத்தை மேலிருந்து பாருங்கள். நடுவில் ஒரு மொட்டு மட்டும் மற்றவற்றைவிடத் தடித்து, குட்டைக் காம்பில், உள்ளே பதிந்தாற்போல் இருக்கும். அதுதான் முதலில் விரியும், முதலில் உதிரும். கொத்து முழு அழகில் இருக்கும் நேரத்தில் நடுவில் பழுப்பாக ஒரு ஓட்டை விழும்.

அந்த மொட்டு பட்டாணி அளவில் பச்சையாக இருக்கும்போதே கட்டைவிரலால் பக்கவாட்டில் சாய்த்தால் ‘டக்’கென்று ஒடிந்து கையோடு வந்துவிடும். கத்தரி வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், சுற்றியுள்ள மொட்டுகள் அந்த இடத்தை நிரப்பி, கொத்து முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விரியும். ஃப்ளோரிபண்டா வளர்ப்பவர்கள் கற்றுக்கொள்ளவேண்டிய ஒரே ஒரு கைவேலை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு பூவை விட்டுக்கொடுத்து ஒரு கொத்தை வாங்கிக்கொள்கிறோம்.

வாடிய பூவை எந்த இடத்தில் வெட்டவேண்டும்?

கொத்தில் ஒன்றிரண்டு பூ மட்டும் வாடியிருந்தால் அவற்றை மட்டும் காம்போடு கிள்ளுங்கள். கொத்து முழுதும் ஓய்ந்ததும் கீழே இறங்கி, ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலைக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். அந்த இலைக்கணு வெளிப்பக்கம் பார்த்ததாக இருக்கட்டும். அடுத்த துளிர் வெளியே போகும், செடியின் நடுப்பகுதி திறந்திருக்கும். பலவீனமான இளஞ்செடியில் இன்னும் மேலேயே வெட்டுங்கள், அதற்கு இலை தேவை.

வெட்டியதிலிருந்து அடுத்த பூ விரிய ஏறக்குறைய ஆறு ஏழு வாரம் ஆகும். வெப்பத்தில் சீக்கிரமாகவும் குளிரில் தாமதமாகவும் வரும். ஏதாவது விசேஷத்துக்குப் பூ வேண்டுமென்றால் அந்தக் கணக்கை வைத்துப் பின்னோக்கி எண்ணி வெட்டலாம்.

கவாத்து எப்போது, எவ்வளவு? வெட்டவே கை நடுங்குகிறது.

குளிர்காலம் உள்ள இடங்களில், கடுங்குளிர் ஓய்ந்து கணுக்கள் உப்பத் தொடங்கும் நேரம். செடியைத் தரையிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கலாம். வருடம் முழுக்க இலை உதிராமல் நிற்கும் வெப்பமான இடங்களில் அவ்வளவு வெட்டவேண்டாம். அடுத்து இதமான மாதங்கள் வரப்போகும் தறுவாயில், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைத்தால் போதும். எங்கானாலும் முதலில் எடுக்கவேண்டியவை காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை. பென்சிலைவிட மெல்லிய குச்சிகளையும் அடியோடு எடுத்துவிடலாம்.

பயப்படவேண்டாம் என்று சொல்ல ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டி கணுப் பார்த்துக் கவனமாக வெட்டிய செடிகளையும், வேலி வெட்டும் இயந்திரத்தால் மொத்தமாக வழித்த செடிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வழித்த செடிகள் பூப்பதில் பின்தங்கவில்லை. ஆனாலும் சின்னத் தோட்டத்தில் நான் கையால் வெட்டுவதையே சொல்வேன். நெருக்கமான இடத்தில் செடியின் நடுவே காற்று போகவேண்டும், அந்த வேலையை இயந்திரம் செய்யாது.

இலையில் கரும்புள்ளி வந்து, மஞ்சளாகி உதிர்கிறது. மருந்து அடித்தும் நிற்கவில்லை.

இது கரும்புள்ளி நோய், டிப்ளோகார்ப்பான் ரோசே என்ற பூஞ்சையால் வருவது. புள்ளியை உற்றுப் பார்த்தால் ஓரம் கோடு போட்டதுபோல் இருக்காது, இழை இழையாகப் பிரிந்திருக்கும். அதைச் சுற்றி மஞ்சள் படரும். கீழ் இலைகளில் தொடங்கி மேலே ஏறும், ஏனென்றால் வித்துகள் தரையிலிருந்து தெறிக்கும் தண்ணீரோடுதான் வருகின்றன. இலை தொடர்ந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தால் வித்து முளைத்து உள்ளே போய்விடும். காலை வெயில், அடியில் தண்ணீர், தண்டைச் சுற்றி இடைவெளி என்று மேலே சொன்னதெல்லாம் இந்த ஏழு மணி நேரத்தைக் குறைக்கத்தான்.

மருந்து அடித்தும் நோய் நிற்காததற்குக் காரணம், வந்துவிட்ட புள்ளியை எதுவும் துடைத்து எடுக்காது என்பதுதான். மருந்து புதிய இலைகளைக் காக்கும், அவ்வளவுதான். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, உதிர்ந்தவற்றைப் பொறுக்கித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோங்கள், மக்குக் குழியில் போடவேண்டாம். மண்மேல் ஐந்து சென்டிமீட்டருக்கு மூடாக்குப் போட்டால் தெறிப்பது குறையும். அப்புறம் தெளியுங்கள். கந்தகம் நல்லது, ஆனால் 30 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்த சில வாரங்களுக்குள் கந்தகம் அடிக்கக்கூடாது. வருடாவருடம் ஒரே செடி மொட்டையாகிறது என்றால் ரகத்தை மாற்றுவதுதான் வழி.

இலைமேல் மாவு தூவியதுபோல் இருக்கிறதே, அதுவும் இதேதானா?

அது சாம்பல் நோய், குணம் நேர்மாறு. வித்து முளைக்க இலை நனையவேண்டியதில்லை. வறண்ட பகலும் ஈரக்காற்று உள்ள இரவும் சேர்ந்தால் போதும். இளந்துளிரையும் மொட்டுக் காம்பையும் பிடித்துச் சுருட்டும். இதற்கு மட்டும் காலையில் இலையைத் தண்ணீரால் கழுவுவது உதவும், மதியத்துக்குள் காய்ந்துவிடவேண்டும். வேர் வறண்ட செடிக்குத்தான் இது அதிகம் வரும் என்பதால் தண்ணீரையும் பாருங்கள்.

மொட்டுக் காம்பில் பச்சைப் பச்சையாகப் பூச்சி மொய்க்கிறது. இன்னொரு செடியில் மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பாகிவிடுகிறது.

முதலாவது அசுவினி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரண்டு மூன்று நாள் அடித்தால் பெரும்பகுதி போய்விடும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை அண்டவிடாது. கலந்த தோட்டத்தின் பெரிய லாபம் இங்கேதான். அலிஸம் போன்ற சிறு பூக்களைத் தேடிவரும் மிதக்கும் ஈக்களின் புழுக்கள் அசுவினியைத் தின்றே வளர்பவை. மருந்தை அவசரமாகத் தெளித்தால் அவையும் போய்விடும்.

இரண்டாவது பெரும்பாலும் இலைப்பேன். பழுப்பான மொட்டு ஒன்றைக் கிள்ளி, வெள்ளைத் தாள்மேல் பிரித்து உதறுங்கள். கீற்றுக் கீற்றாக ஏதாவது நகர்ந்தால் உறுதி. அது இதழ்களுக்குள் இருப்பதால் மேலே தெளிப்பது போய்ச் சேராது. பாதித்த மொட்டுகளை எல்லாம் எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் முதல் வேலை.

இலை ஓரத்தை யாரோ கத்தரியால் அரைவட்டமாக வெட்டியதுபோல் இருக்கிறது.

இலைவெட்டித் தேனீ. கூட்டுக்குப் பொதிய எடுத்துப்போகிறது, தின்பதில்லை. செடிக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள்.

புள்ளி எதுவும் இல்லை, ஆனால் இலை மஞ்சளாகிறது. எதற்குச் சத்துக் கொடுப்பது?

எந்த இலை என்று பாருங்கள். நுனி இளந்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல, பிஹெச் அதிகமானதால் வேரால் எடுக்க முடியவில்லை. கீலேட் வடிவ இரும்பு (வேரால் எளிதில் எடுக்க முடிகிற வடிவம்) உடனடியாக உதவும். நீண்ட காலத்துக்கு மக்கு உரமும் கந்தகமும் மண்ணைச் சரிசெய்யும். பழைய இலையில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் என்றால் மெக்னீசியம், எப்சம் உப்பு அதற்குத்தான். பழைய இலை மொத்தமாக வெளிறினால் தழைச்சத்து. எல்லாம் ஒரே சமயத்தில் சோர்ந்து மஞ்சளானால் உரப்பையைத் திறக்குமுன் தோண்டிப் பாருங்கள், வேர் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும்.

தொட்டியில் வளருமா?

குட்டை ரகங்கள் நன்றாக வளரும். 40 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழமும் அகலமும் வேண்டும். வெயிலில் தினமும் தண்ணீர் தேவைப்படும், சத்தும் அடித்துச் செல்லப்படுவதால் உரத்தைக் குறைந்த அளவில் அடிக்கடி கொடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வேரை வேகவைக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண்ணை மாற்றுங்கள்.

வாசனையே இல்லையே?

சிவப்பு ஃப்ளோரிபண்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு மணம் மிகக் குறைவு. நிறத்துக்கும் கொத்துக்கும் நீண்ட நாள் நிற்பதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை. மணம் வேண்டுமென்றால் பக்கத்தில் வைக்கும் லாவெண்டரும் டயந்தஸும் அதைத் தரும்.

அடியிலிருந்து ஒரு கிளை தடியாக, வேகமாக வளர்கிறது. அதை வெட்டிவிடச் சொல்கிறார்கள். வெட்டலாமா?

அவசரப்படாதீர்கள். அது எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுப்பகுதிக்கு மேலிருந்து வந்தால் அது செடியின் புதுத்தண்டு, அடுத்த சில வருடப் பூவுக்கு அதுதான் ஆதாரம். இளமையில் செக்கச்செவேலென்று இருப்பதால் பலர் வேற்றுக்கிளை என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். ஒட்டுக்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ வந்தால் அது அடிச்செடியின் கிளை. வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். கிளம்பும் இடம்வரை தோண்டி, கீழ்நோக்கிப் பிய்த்து எடுக்கவேண்டும்.

ஏழு சிற்றிலை இருந்தால் அது அடிச்செடி என்ற கணக்கை நம்பவேண்டாம். நல்ல ஃப்ளோரிபண்டாவிலும் ஏழு சிற்றிலை வருவதுண்டு.

நான் நட்டது பளீர் சிவப்பு. மூன்று வருடம் கழித்து இப்போது கருஞ்சிவப்பாக, வருடத்தில் ஒரே முறை பூக்கிறது. செடி நிறம் மாறுமா?

மாறாது. ஒட்டிய ரகம் இறந்து, அடிச்செடி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. டாக்டர் ஹ்யூயி என்ற ரோஜாவைப் பல இடங்களில் அடிச்செடியாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் பூ கருஞ்சிவப்பு, அடுக்குக் குறைவு, பருவத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், தண்டு நீண்டு வளையும். சிவப்பு ரகத்தை நட்டவருக்கு இது தாமதமாகத்தான் தெரியவரும், மஞ்சள் ரகம் நட்டவருக்கு உடனே தெரிந்துவிடும். முந்தைய பதிலில் சொன்னபடி ஒட்டுக்கு மேலே உயிருள்ள தண்டு ஒன்றாவது இருந்தால், கீழ்க்கிளைகளைப் பிய்த்துவிட்டு அதைக் காப்பாற்றலாம். ஒன்றும் இல்லையென்றால் மீட்க வழியில்லை.

குச்சி வெட்டிப் பதியன் போட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

ஆமாம், சொந்த வேரில் வளரும் செடியில் எங்கிருந்து துளிர்த்தாலும் அதே ரகம்தான். பூத்து முடிந்த, பென்சில் கனமுள்ள தண்டை 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, தண்டின் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போகும்படி மணல் கலந்த மண்ணில் செருகுங்கள். நேரடி வெயில் படாத வெளிச்சத்தில், ஈரம் காயாமல் வைத்தால் ஓரிரு மாதத்தில் வேர் விடும். முதல் வருடம் ஒட்டுச்செடி அளவுக்கு வேகம் இருக்காது, வரும் மொட்டுகளைக் கிள்ளி இலையை வளரவிடுங்கள். புதிய ரகங்களுக்குப் பல நாடுகளில் காப்புரிமை உண்டு, அவற்றைப் பெருக்க அனுமதி வேண்டும். பழைய ரகங்களில் அந்தச் சிக்கல் இல்லை.

பழைய ரோஜா ஒன்று பட்டுப்போனது. அதே குழியில் புதிது வைத்தேன், வளரவே மாட்டேன் என்கிறது.

ரோஜா இருந்த மண்ணில் ரோஜா வைத்தால் இப்படி ஆவது உலகெங்கும் தெரிந்த விஷயம். மண்ணில் சேர்ந்திருக்கும் பூஞ்சைகள், நூற்புழுக்கள் போன்றவை கூட்டாகப் புதுவேரைத் தாக்குகின்றன. பழைய செடி பழகிவிட்டதால் தாங்கியது, புதிதால் முடியவில்லை. உரம் கொடுத்தால் சரியாகாது.

செடியை வெளியே எடுத்து, வேர்மண்ணை முடிந்தவரை கழுவி, ரோஜா இதுவரை இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள். அந்த இடம்தான் வேண்டுமென்றால் 60 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் ஆழமும் மண்ணை அள்ளிவிட்டு, தோட்டத்தின் வேறு பகுதியிலிருந்து எடுத்த மண்ணால் நிரப்பி நடுங்கள். அள்ளிய மண்ணை வீசவேண்டாம், ரோஜா குடும்பத்தைச் சேராத சால்வியாவோ அலிஸமோ அதில் ஒரு குறையும் இல்லாமல் வளரும்.